குழந்தைகள் சேனல் பேக்: ஒரு மாதம் காதால் கேட்டு எழுதியது

மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கார்ட்டூன்தான். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் ராத்திரி மாமியார் வந்து சீரியலுக்கு ரிமோட்டைக் கேட்கும் வரைக்கும் ஓடும். நான் வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பிளவுஸ், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, எம்.சி. ரோட்டுக் கடைகளில் துணி வாங்கியவர்கள் கொண்டுவரும் ஆல்டரேஷன். லீவு விட்டதும் தங்கை தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள், என் மகள் ஒருத்தி, மாடியில் குடியிருப்பவர்களின் இரட்டைப் பெண்கள், எதிர்வீட்டுப் பையன், ஆக ஆறு பேர். அந்த வெயிலில் பிள்ளைகளை எங்கே வெளியே அனுப்புவது? கேபிள்காரரிடம் சொல்லி குழந்தைகள் சேனல் பேக்கைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன், மாதம் 40 ரூபாய்.

அந்தப் பேக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும், நான் அதைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஜன்னல் வெளிச்சத்துக்காக மிஷினைச் சுவரோரமாகப் போட்டிருக்கிறேன், டிவி என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நூல் அறுந்தாலோ பாபின் தீர்ந்தாலோதான் திரும்பிப் பார்ப்பேன், மற்ற நேரமெல்லாம் குரல் மட்டும்தான். "இப்போ வர்ற கார்ட்டூன்லாம் மோசம், நம்ம காலத்துல எவ்ளோ நல்லா இருந்தது" என்று எல்லோரையும் போல நானும் சொல்லிக்கொண்டிருந்தவள். ஒரு மாதம் படமில்லாமல் வெறும் குரலாகக் கேட்ட பிறகு அதில் பாதி தப்பு என்று தெரிந்தது. மீதிப் பாதி உண்மை, ஆனால் நான் தேடிய இடத்தில் அது இல்லை.

பேக்கில் என்ன இருக்கிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சுட்டி டிவி, கார்ட்டூன் நெட்வொர்க், போகோ, நிக், ஹங்காமா, சோனி யாய், டிஸ்கவரி கிட்ஸ். எல்லாவற்றிலும் தமிழ் வருகிறது, அது நல்ல விஷயம். சிலது இந்தியில் திறக்கும், ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தானை அழுத்தினால் தமிழுக்கு வந்துவிடும், பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடியும் இந்தி. காற்று மழை வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், போன் செய்தால் பையன் வந்து ஒயரை முறுக்கிவிட்டுப் போவான். விளம்பரம் வந்தால் சத்தம் தூக்கிக் கொடுக்கும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை "சத்தத்தைக் குறைங்கடா" என்று கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது 1995இல். எங்கள் தெருவில் முதலில் கேபிள் இழுத்தது ஒரே ஒரு வீடு, சாயங்காலம் ஆனால் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அவர்கள் வாசற்படியில் குந்திக்கொள்வோம். எல்லாம் ஆங்கிலம். யாருக்கும் ஒரு சொல் புரியாது. ராத்திரியானால் அதே சேனலில் பழைய ஆங்கிலப் படம் ஓட ஆரம்பிக்கும், அப்புறம் வீட்டுக்குப் போவோம். அப்போது பார்த்த டாம் அண்ட் ஜெர்ரியைத்தான் இன்றைக்கும் எல்லோரும் "எவ்ளோ நல்லா இருந்தது" என்கிறார்கள். நல்லாத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி மூஞ்சியில் விழும், எலிப்பொறியில் விரல் சிக்கும், பல் மொத்தமும் கொட்டும், வாலை பிளக்கில் சொருகுவார்கள், வாயில் வெடி வைப்பார்கள். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா இரண்டு பேரும் சேர்ந்து 1940இலிருந்து 1958 வரை 114 படங்கள் எடுத்தார்கள், அதில் ஏழுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவை எடுக்கப்பட்டது டிவிக்கு இல்லை, தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் எல்லா வயசுக்காரர்களுக்கும் போடுவதற்கு. அடி வாங்கும்போது டாம் ஒரு அலறல் அலறும் பாருங்கள், அந்தக் குரல் ஹன்னாவுடையதுதான், அவரே கத்திக் கொடுத்தது.

அடிதடியைத்தான் அளவுகோலாக வைப்பது என்றால் இன்றைக்கு வரும் எந்தக் கார்ட்டூனும் அதன் பக்கத்தில் வராது. ஆறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் திரும்பிப் பார்த்த நேரத்திலெல்லாம் இப்போதைய சண்டை ஒரு தள்ளு, ஒரு சுழற்று, தூசி மேகம், அவ்வளவுதான். "சோட்டா பீம்" 2008இலிருந்து ஓடுகிறது, பீம் ஒரு லட்டைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு தட்டு தட்டுவான், வில்லன் பறந்துபோய் விழுவான். டாம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் அது பூ வைத்துத் தட்டுவது மாதிரி.

அதோடு, அடியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு தரம் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1975இல் அமெரிக்க டிவிக்காக டாம் அண்ட் ஜெர்ரியைப் புதிதாக எடுத்தபோது குழந்தைகள் நிகழ்ச்சியில் வன்முறை கூடாது என்ற கெடுபிடி இருந்ததால் பூனையையும் எலியையும் சிநேகிதர்களாக ஆக்கிவிட்டார்கள், ஜெர்ரிக்குக் கழுத்தில் சிவப்பு டை கட்டி, இரண்டும் சேர்ந்து ஊர் ஊராகப் போகும். அதைத் தேடி யாரும் பார்ப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பூனை எலியைத் துரத்தாமல் என்ன செய்யும்?

காதால் கேட்டபோது பழைய டாம் அண்ட் ஜெர்ரியில் எனக்குக் கிடைத்தது வேறு. பேச்சே இல்லை. வெறும் வாசிப்பு. ஸ்காட் பிராட்லி என்பவர் அந்தப் படங்களுக்கு இசை அமைத்தவர், எலி நடந்தால் ஒரு வாத்தியம், பூனை பதுங்கினால் ஒன்று, தட்டு விழுந்தால் ஒன்று. மாடிப்படி ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 1947இல் ஆஸ்கர் வாங்கிய படம் ஒன்று உண்டு, டாம் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் பியானோ வாசிக்கும், பியானோவுக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எழுந்துவந்து கெடுக்கும். அதில் வருவது லிஸ்ட் என்ற இசைமேதையின் ஹங்கேரிய ராப்சடி என்ற பியானோ இசை, இரண்டாவது. அது ஓடிய அந்த ஏழெட்டு நிமிடமும் நான் ஒரு சுடிதார் கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், பெடலில் கால் தானாகவே அந்த வாசிப்போடு போனது. ஆறு பிள்ளைகளும் சிரித்தார்கள். ஒரு சொல்கூட இல்லாமல்.

சொல் இல்லாமல் என்பதைத்தான் பிடித்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் சின்ன வயசில் கார்ட்டூன் சுத்தமாக இருந்தது என்று நாங்கள் நினைப்பதற்கு ஒரு பெரிய காரணம், அதில் பேசியது எங்களுக்கு எட்டவே இல்லை. 1997இல் வந்த ஜானி பிராவோவை எடுத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் முடியைத் தூக்கி வாரிக்கொண்டு கறுப்பு பனியனில் வருவான். நாங்கள் அவன் நடையைப் பார்த்துச் சிரித்தோம். பெரியவளாகி புரிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, போகிற வருகிற பெண்களையெல்லாம் வழிமறித்துப் பேசி அடி வாங்குவதுதான் அவன் வேலையே என்று. அமெரிக்காவில் 1991இலேயே நிக்கலோடியனில் 'ரென் அண்ட் ஸ்டிம்பி' என்று ஒன்று வந்தது, மூக்குச்சளி, காற்று பிரிவது, அருவருப்பைக் கிட்டத்தில் காட்டுவது என்று அதில் எல்லாமே உண்டு. ஆக, கொச்சை என்பது புதிதாக நேற்று முளைத்தது இல்லை. எங்கள் வாசற்படி வரைக்கும் வந்து, மொழி தெரியாததால் அப்படியே திரும்பிப் போயிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குத் தமிழ்க் கார்ட்டூன் வந்தது 2007இல் சுட்டி டிவியோடு. அதற்கு முன்னாலும் தமிழில் கார்ட்டூன் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் உண்மையாகவே தமிழ் பேசிய முதல் கார்ட்டூன் 'டோராவின் பயணங்கள்'தான். அக்கா மகனுக்கு அப்போது மூன்று வயது. டோரா கேள்வி கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும், பதில் சொல்ல இடம் விடும். இவன் எழுந்து நின்று டிவியைத் தொட்டுக் காட்டுவான். குள்ளநரி வந்தால் டோராவின் சிநேகிதக் குரங்கு புஜ்ஜியோடு சேர்ந்து இவனும், "குள்ளநரி திருடக்கூடாது! குள்ளநரி திருடக்கூடாது!" தெருவில் நாலு வீட்டில் ஒரே நேரத்தில் அந்தக் குரல் கேட்கும். மரியாதையான தமிழ், நிறுத்தி நிதானமாக, ஒரு குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், அதைப்போல ஒன்றை இந்த ஒரு மாதத்தில் நான் கேட்கவில்லை.

இப்போது கேட்பது என்ன? மே இரண்டாவது வாரம் என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். குண்டா. தடியா. எருமை. மண்டையில ஒண்ணும் இல்லாதவனே. பன்னி மூஞ்சி. கருவாயா. கிழவி. வாயை மூடு. வாயை மூடு என்பது எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவதை முதல் நாளே விட்டுவிட்டேன், ஒரு வாரத்தில் பக்கம் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு கார்ட்டூன் என்றில்லை, பல சேனல்களில், பல தொடர்களில். எந்தத் தொடர் என்று பெயர் சொல்லப் போவதில்லை, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

சில நேரம் ஒரு வசை காதில் விழுந்ததும் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. படத்தில் அந்தப் பொம்மையின் வாய் அசையவே இல்லை. ஒரு யானைக்குட்டி நடந்து போகிறது, அவ்வளவுதான், யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் தமிழில் பின்னால் ஒரு குரல், "பாருடா, தண்ணி லாரி போகுது". மூலத்தில் அங்கே சும்மா இருந்திருக்கிறது, இங்கே யாரோ உட்கார்ந்து அந்தச் சும்மாவை ஒரு கிண்டலால் அடைத்திருக்கிறார். ஒரு வினாடி சத்தம் இல்லாவிட்டால் பிள்ளை சேனல் மாற்றிவிடும் என்ற பயமாக இருக்கலாம். தையலில் நாங்கள் துணி போதாத இடத்தில் ஒட்டுப் போடுவோம், இது துணி போதுமான அளவு இருக்கும்போதே மேலே மேலே ஒட்டுப் போடுவது. படத்தின் கொச்சையைவிட இந்த ஒட்டின் கொச்சைதான் எனக்கு அதிகம் கேட்டது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011இல் ஆஞ்சலின் லிலார்ட், ஜெனிபர் பீட்டர்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நாலு வயசுப் பிள்ளைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வேகமாக ஓடும் ஸ்பாஞ்ச்பாப், ஒரு பகுதிக்கு மெதுவான ஒரு கார்ட்டூன், மற்றவர்களுக்குப் படம் வரைய பேப்பர் கொடுத்தார்கள். ஒன்பதே நிமிடம். அது முடிந்ததும் பொறுத்திருப்பது, சொன்னதை மனசில் வைத்துச் செய்வது மாதிரிச் சின்னச் சின்னச் சோதனைகள் வைத்தால், வேகமான கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள் மற்ற இரண்டு பகுதியைவிடத் தடுமாறினார்கள். ஒன்பது நிமிடத்துக்கே அப்படி என்றால் எங்கள் வீட்டு மே மாதத்தை என்ன சொல்வது. பேச்சுக்கும் அதே வேகம் வந்துவிட்டது, கேள்வி முடியும் முன்னே பதில், பதில் முடியும் முன்னே சிரிப்பு. டோரா காத்துக்கொண்டு நின்றது இதனால்தான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

ஷின்சானைப் பற்றிக் கேட்பீர்கள், எல்லா அம்மாக்களும் கேட்பது. அது 1990இல் ஜப்பானில் யோஷிடோ உசுய் பெரியவர்களுக்கான வாரப் பத்திரிகை ஒன்றில் வரைந்த சித்திரக்கதை, 1992இல் டிவிக்கு வந்தது. இங்கே ஹங்காமாவில் 2006இல் வந்து, பெற்றோர் புகாரால் 2008இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தடை போட்டது, அப்புறம் வெட்டித் திருத்தி மறுபடி வந்தது. அதில் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஆடுவதும் அம்மாவை எதிர்த்துப் பேசுவதும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனாலும் பெரியவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரிக்க எழுதிய கதை அது, அந்த வீட்டில் அப்பாவுக்குக் கடன் இருக்கிறது, அம்மாவுக்கு அலுப்பு இருக்கிறது, பையன் பேசினால் தலையில் குட்டு விழுகிறது. கோளாறு கதையில் இல்லை, யாருக்கு எழுதியதை யாருக்குப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஐந்து வயசுக்குப் போடாதீர்கள், பன்னிரண்டு வயசுப் பிள்ளை பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

எதிர்வீட்டுப் பையனைப் பற்றிச் சொன்னேன். ஏழு வயது. அவனுடைய ஆயா விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் தூக்கிக்கொண்டுவந்து தெருவில் விற்பவர். மத்தியானம் மீன் தீர்ந்ததும் வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டு எடுத்துக்கொண்டு பேரனுக்கு ஊட்ட எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார். அன்றைக்கு வஞ்சிரத் தலை போட்ட குழம்பு. "வா நைனா, துன்னுட்டு அப்பால பாரு" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏ கிழவி, நொய் நொய்னு கத்தாத, உன் மூஞ்சியப் பார்த்தாலே பசி போயிடுச்சு" என்றான். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு, ஹெஹ்ஹெஹ்ஹே என்று மூக்கால். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள்.

மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். மீன் ஏலத்தில் ஆம்பளைகள் இருபது பேருக்கு நடுவில் நின்று விலை பேசுகிறவர் அவர், அவருக்குப் பதில் தெரியாமல் இல்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. "எங்கேந்துடா கத்துக்கின இத்த?" என்று கேட்டார், குரல் எழும்பவே இல்லை. பையன் டிவியைக் கையால் காட்டினான். அவனுக்கு அது வசை என்றே தெரியாது, எல்லோரும் சிரித்த ஒரு பாட்டைப் பாடிக் காட்டியது மாதிரித்தான். அந்த வசனம், அந்தச் சிரிப்போடு, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் என் முதுகுக்குப் பின்னால் ஓடியது. எனக்கும் காதில் விழுந்தது. நான் தைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டேன். மறுநாள் போட்டபோது அந்தப் பையன் என் மிஷின் பக்கத்தில் வந்து நின்று பாபினை உருட்டிக்கொண்டே கேட்டான், "அத்தை, திருடன் மட்டும் ஏன் எங்க ஆயா மாதிரியே பேசறான்?"

ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது படவில்லை, அவனுக்குப் பட்டிருக்கிறது. அப்புறம் அதை மட்டும் கவனித்துக் கேட்டேன். பையன் சொன்னது நிஜம். ராஜா, டீச்சர், ஹீரோ, ஹீரோவின் அம்மா, விஞ்ஞானி எல்லாரும் பாடப்புத்தகத் தமிழோ ஊர் தெரியாத பொதுத்தமிழோ பேசுகிறார்கள். திருடன், அடியாள், காவலுக்கு நிற்கும் மக்கு, அழுக்காக வரும் குரங்கு, இவர்கள் வாயைத் திறந்தால் "இன்னாபா", "குந்து", "அப்பால வா", "பேஜார் பண்ணாத". எங்கள் ஆயா பேசுவது, நான் பேசுவது, இந்தத் தெருவே பேசுவது.

இந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது என்று அந்த வசனம் எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது யோசித்திருப்பார்களா? துறைமுகத்தை ஒட்டிய ஊர் இது. நாஷ்டா, பேஜார், கலீஜ், உஷார் எல்லாம் உருதுவழியாக வந்து எங்கள் வாயில் தமிழானவை. துட்டு டச்சுக்காரர்களின் காசுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அப்பால என்பது பழைய தமிழ், 'அப்பால்' என்று எழுதினால் செய்யுள், 'அப்பால' என்று சொன்னால் ரவுடியா? ஏற்றி இறக்கிய சரக்கோடு சொற்களும் இறங்கின, மூட்டை சுமந்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும் மீன் விற்றவர்களும் அவற்றை வைத்துக்கொண்டார்கள். இதில் கொச்சை எங்கே இருக்கிறது? அந்த ஆயா தன் பேரனைக் கூப்பிட்ட "வா நைனா, துன்னுட்டு அப்பால பாரு" என்பதையும், அதற்கு அவன் கார்ட்டூனிலிருந்து எடுத்துச் சொன்ன சுத்தமான பொதுத்தமிழ் வசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதுவும் புதிதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். பழைய டாம் அண்ட் ஜெர்ரியில் வீட்டு வேலைக்கார அம்மா ஒருவர் வருவார், முகம் தெரியாது, கால் மட்டும்தான், துடைப்பத்தோடு வந்து டாமை விரட்டுவார். கறுப்பினப் பெண். லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை அதற்குக் குரல் கொடுத்தார். அந்த மக்களின் பேச்சையே சிரிப்புப் பொருளாக ஆக்கியதற்கு அங்கே எதிர்ப்பு எழுந்தது, 1960களில் டிவியில் போடும்போது அவரை அழித்துவிட்டு வெள்ளைக்காரப் பெண்ணின் காலை வரைந்து அயர்லாந்துக்காரர் பேசுகிற மாதிரிக் குரலும் மாற்றினார்கள். ஒருவரை அழித்து இன்னொருவரை வைப்பது நியாயமாகத் தெரியவில்லை எனக்கு, ஆனால் குறைந்தபட்சம் அங்கே யாரோ அது தப்பு என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயசில் அந்த வாசற்படியில் நாங்களும் அந்தக் காலைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான், அவர் பேசியது புரியாமலே.

கேபிள் டிவி விதிகள் 1994இல், ஆறாவது விதியில், குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் கெட்ட வார்த்தையோ அப்பட்டமான வன்முறைக் காட்சியோ இருக்கக் கூடாது என்று இருக்கிறது. கெட்ட வார்த்தை என்ற கணக்கில் பார்த்தால் என் நோட்டில் எழுதியவை எதுவும் வராது, ஏளனம் எந்த விதியிலும் சிக்காது. ஆனாலும் புகார் எழுதலாம். 2021இல் வந்த திருத்தத்தின்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், அவர்கள் பதினைந்து நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் எழுதிப் போட்டிருக்கிறேன், தேதி, நேரம், வசனம் எல்லாம் குறித்து. என் அளவு நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இணைத்தேன். நீங்களும் எழுதுங்கள், ஒரு தெருவிலிருந்து பத்து பேர் எழுதினால் நிச்சயம் படிப்பார்கள்.

பேக் வாங்கலாமா? நாற்பது ரூபாய்க்கு ஏழு சேனல், தமிழில், குறை சொல்ல முடியாத விலைதான். ஆனால் மொத்தமாக வாங்க வேண்டாம் என்பேன். ஜூன் முதல் தேதி கேபிள்காரர் வசூலுக்கு வந்தபோது எனக்கு இரண்டு போதும், மற்றதை எடுத்துவிடுங்கள் அண்ணா என்றேன். "பேக்குல இருந்து பிரிக்க முடியாதும்மா" என்றார். 2019இலிருந்தே வேண்டிய சேனலைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது, அதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு செய்து கொடுத்தார். உங்களிடமும் அப்படிச் சொன்னால் விடாதீர்கள். எந்த இரண்டு என்று நான் சொல்லவில்லை, நீங்களே ஒரு நாள் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

சேனல் குறைந்ததும் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் என் மகள் ஒரு காரியம் செய்தாள், ரிமோட்டில் சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டு ஆளுக்கு ஒரு பொம்மையைப் பிரித்துக் கொடுத்து இவர்களே குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் வெறும் கத்தல். அடுத்த நாள் கதை வந்தது. ஒரு ராஜா, தங்கச் சிம்மாசனம், எதிரில் நூறு பேர் கைகட்டி நிற்கிறார்கள், அந்த ராஜா எதிர்வீட்டுப் பையனுக்கு விழுந்தது. ஆயா அப்போதுதான் கூடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ராஜா எழுந்தார், கையைத் தூக்கினார், பையன் தன் ஆயா குரலிலேயே சொன்னான்:

"இன்னாபா, எல்லாரும் நாஷ்டா துன்னீங்களா? துன்னாதவங்க குந்துங்க, மொதல்ல சோறு, அப்பால பேசிக்கலாம்."